இரண்டாம் சரணம்

உட்காருங்க ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். உங்களுக்கு முன்னால இருந்த ஐயரு அதுல உட்கார்ந்து விழப் பாத்தாரு. அவரு உடம்பும் அப்படி. நீங்க ஒல்லிதான், இருந்தாலும் புதுசா வந்த குருவானவரைக் கீழ தள்ளின பேரு எனக்கு எதுக்கு? இதுல உட்காருங்க. காப்பி போடுதேன். வேண்டாம்னு சொல்லாதீக. வீடு வீடா வேண்டாம் வேண்டாம்னு சொல்லித்தான் நீங்க இப்படி வத்திப் போயிருக்கீக.

எதுக்கு வந்திருக்கீகன்னு எனக்குத் தெரியும். கமிட்டிக்காரங்க அனுப்பியிருப்பாக. அன்னபாக்கியம் சரின்னு சொன்னா எங்களுக்கும் சரின்னு சொல்லியிருப்பாக. வாற ஞாயித்துக்கிழமை சிகாமணி கோயிலுக்கு வரணும், எல்லாரையும் போல பீடத்துக்கு முன்னால முழங்கால்ல நின்னு அப்பமும் திராட்சரசமும் வாங்கணும். ஜெயில்ல இருந்து வந்தவனுக்கு அது ஒண்ணுதான் ஆசையாம். என் பிள்ளையைக் கொன்னவன் நற்கருணை எடுக்கதுக்கு நான் தலையாட்டணும்.

நான் முடியாதுன்னு சொல்லலையே ஐயா. சொன்னேனா? அன்னைக்குக் கூட்டத்துல நீங்களும்தான் இருந்தீக. ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன். 'அன்னைக்கு எனக்கு விசுவாசம் இல்ல, நான் பேருக்குத்தான் கிறிஸ்தவனா இருந்தேன்'னு சபைக்கு முன்னால அவன் சொல்லட்டும், நான் சரிங்கேன்னு சொன்னேன். வேற என்ன கேட்டேன்? காலைப் பிடின்னு கேட்டேனா? ஊரை விட்டுப் போன்னு கேட்டேனா? ஜெயிலுக்குப் போயி மனம் திரும்பினவங்க எல்லாரும் சொல்லுத வார்த்தைதானே அது. கன்வென்ஷன் பந்தல்ல வந்து சாட்சி சொல்லுதவங்க அழுதுகிட்டே சொல்லுதாங்க. இவனுக்கு மட்டும் வாயில வரமாட்டேங்கு.

நீங்க ஊருக்குப் புதுசு. மத்தவங்க என்ன சொல்லி வச்சிருக்காங்களோ தெரியாது. நான் சொல்லுதேன், கேளுங்க. காப்பிக்குக் கருப்பட்டிதான் போட்டிருக்கேன், பரவாயில்லல்லா?

இந்தா இந்தச் சுவரு இருக்கு பாத்தீகளா, இதுக்கு அந்தப் பக்கம்தான் சிகாமணி வீடு. ரெண்டு வீட்டுக்கும் ஒத்தைச் சுவரு. அங்க தாளிச்சா இங்க தும்மல் வரும். கூடப் பிறக்கலயே தவிர அவன் எனக்குத் தம்பி மாதிரிதான். அவன் பொண்டாட்டி ஜெயசீலி என்னை மதினி மதினின்னு சுத்தி வருவா. அவங்களுக்குப் பிள்ளை இல்ல. என் மகன் வில்பிரட் அங்கதான் கிடப்பான். காலையில பல் தேய்ச்சது இங்கன்னா இட்லி தின்னது அங்க. அவனை எழுத்துக் கூட்ட வச்சதும் சிகாமணிதான், ஓய்வுநாள் பள்ளியில வசனம் சொல்லிக் குடுத்ததும் சிகாமணிதான். எங்க வீட்டுக்காரங்க கமிட்டி, கோயில்னு அலையுத ஆளு, பிள்ளையை மடியில வச்சதே கிடையாது. அதனால மாமா மாமான்னு இவன் அங்கயே ஒட்டிக்கிட்டான்.

சீலிக்கு நல்ல குரலு. பெண்கள் சங்கத்துல பாட்டு எடுத்துக் குடுக்கது நான், கூடப் பாடுதது அவ. ஆனா மண்டையில ஒண்ணும் நிக்காது அவளுக்கு. முதல் சரணம் கணகணன்னு வரும். ரெண்டாவது சரணம் வந்ததும் அப்படியே நின்னு என்னைத் திரும்பிப் பாப்பா. நான் முதல் வார்த்தையை எடுத்துக் குடுக்கணும். குடுத்துட்டா போதும், அப்புறம் யாரும் பிடிக்க முடியாது. எத்தனை வருஷம் பாடின பாட்டா இருந்தாலும் இதே கதைதான். சங்கத்துப் பெண்டுக எல்லாம் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா.

சரி, அது கிடக்கட்டும். சிகாமணியைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வில்பிரட் சின்னப் பிள்ளையா இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்துச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில போட்டிருந்தோம். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரங்க வெளியில போயி மரத்தடியில உட்கார்ந்துட்டாக. எனக்கு ஒரு ஜெபம் வரல. சிகாமணிதான் கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால்ல நின்னான். பிள்ளை தலையில கையை வச்சு, 'ஆண்டவரே, இவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்கொள்ளும்'னு கேட்டான். சத்தம் போட்டு ஊருக்குக் காட்டுத ஜெபம் இல்ல ஐயா. பக்கத்துல இருந்த எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுச்சு. பச்சைத் தண்ணி பல்லுல படல அவனுக்கு. பிள்ளை வாயில சொட்டு இறங்காம நான் எப்படிக் குடிப்பேன்னுட்டான். சீலி வந்து கெஞ்சினா, கேக்கலையே.

பிள்ளை கண்ணைத் திறந்து பதநீர் வேணும்னு கேட்டான். பதநீரு கிடைக்காத மாசம் அது. சிகாமணி அழுதுகிட்டே சிரிச்சான், சிரிச்சுக்கிட்டே அழுதான். இந்தப் பயலுக்கு நான் பனைமரமா மாறவான்னான். அந்த ஜெபம் பொய்யின்னு யாராவது சொல்லட்டும், நான் அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு சண்டை போடுவேன்.

அப்புறம் எங்க வீட்டுக்காரங்க தவறிட்டாக. வில்பிரட் வளந்து ஆளானான். அப்ப வந்துச்சு இந்தக் கோயில் கமிட்டித் தேர்தல். உங்களுக்குச் சொல்லவா வேணும், நம்ம திருச்சபையில தேர்தல்னா சட்டசபைத் தேர்தல் தோத்துப் போகும். பழைய பள்ளிக்கூட நிலத்தை எடுத்துக் கல்யாண மண்டபம் கட்டணும்னு ஒரு அணி. பிள்ளைக படிக்கதுக்குக் குடுத்த நிலம், தொடக் கூடாதுன்னு இன்னொரு அணி. அந்த அணிக்குத் தலைவன் சிகாமணி. எங்க வீடு மண்டபம் கட்டணும்னு சொன்ன அணி. எங்க மாமனாரு காலத்துல இருந்து கமிட்டியில எங்க குடும்பத்துக்கு ஒரு நாற்காலி உண்டு ஐயா. அது வேற யாருக்கோ போகுதுன்னா வயிறு எரியாதா? நான் வில்பிரட்டை நில்லுன்னு சொல்லல. உங்க அப்பா உட்கார்ந்த நாற்காலிடான்னு மட்டும் சொன்னேன். அவனுக்கு இஷ்டமே இல்ல. 'எதிர்ல மாமா நிக்காங்கம்மா'ன்னான். மாமா நின்னா என்ன, மாமாவா உனக்குப் பேரு வச்சான்னேன். அப்புறம் அவனாத்தான் நின்னான்.

தேர்தல் அன்னைக்கு விடியக்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் சிகாமணி ஜெபிக்கான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கோயிலைக் காத்துக்கொள்ளும்னு கேட்டான். அப்புறம் என் பிள்ளை பேரைச் சொன்னான். 'வில்பிரட்டைக் கோபத்துக்கும் பெருமைக்கும் விலக்கிக் காத்துக்கொள்ளும்'னு கேட்டான். நல்லாக் கேளுங்க ஐயா. காலையில இந்த ஜெபம். அன்னைக்குச் சாயங்காலம் அதே கையால அடிச்சான்.

ஓட்டு எண்ணினது பள்ளிக்கூடத்துலதான். எங்க அணி ஜெயிச்சுது. பயலுவ வெடி போட்டாங்க, மாலை போட்டாங்க. வில்பிரட் தலைகால் புரியாம நிக்கான். சிகாமணி அவன் கிட்ட வந்து, நிலத்தை மட்டும் விட்டுருங்கடா, பிள்ளைக விளையாடுத இடம்டான்னு கேட்டிருக்கான். அப்ப வில்பிரட் ஒரு வார்த்தை சொல்லிட்டான். 'பிள்ளை இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு மாமா'ன்னு சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

அந்த வார்த்தையை அவன் எங்க இருந்து படிச்சானோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். வீட்டுல நான் எப்பவாச்சும் தமாஷுக்குச் சொல்லியிருப்பேன். தமாஷுக்குச் சொல்லாதவங்க யாரு? அதுக்காக அடிச்சுக் கொல்லுவாங்களா? பந்தல் போட்டு மிச்சம் கிடந்த சவுக்குக் கம்பு. ஒரே அடி. பின்மண்டையில.

என்னைக் கூட்டிக்கிட்டு ஓடினாங்க. நான் போகும்போது ஊரே தள்ளி நிக்குது, ஒருத்தரும் பக்கத்துல போகல. சிகாமணி மட்டும் முழங்கால்ல நிக்கான். என் பிள்ளை தலையில கையை வச்சுக்கிட்டு நிக்கான். 'ஆண்டவரே, இவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்கொள்ளும்.' ஆஸ்பத்திரியில கேட்ட அதே ஜெபம் ஐயா. அதே மெதுவான குரலு. நான் அவன் முகத்தைப் பாத்தேன். அதுவும் பொய்யில்ல.

என்னால தாங்க முடியாதது அதுதான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் புரியமாட்டேங்கு. கொன்னதைக் கூட ஒரு ஓரமா வச்சுருவேன். அந்த ஜெபத்தை எங்க கொண்டு வைக்க?

அவனாவே போலீஸ்ல போயி நின்னான். கோர்ட்டுல இல்லன்னு சொல்லல. அடக்க ஆராதனையில அப்ப இருந்த ஐயரு பிரசங்கம் பண்ணினாரு. உண்மையான விசுவாசி கொலை செய்யமாட்டான், கொலை செஞ்சவன் விசுவாசி இல்ல, அவன் போட்டதெல்லாம் வேஷம்னாரு. எனக்கு அது தண்ணி தவிச்சவளுக்கு மோர் குடுத்த மாதிரி இருந்துச்சு. வேஷம்தான், வேஷம்தான்னு சொல்லிச் சொல்லித்தான் நான் எழுந்து நடமாடினேன். இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சோறு தின்னேன். நடுவுல அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்துச்சுன்னா, அதுவும் வேஷம்னு சொல்லிக்கிடுவேன். மனசு கேக்காது. இருந்தாலும் சொல்லிக்கிடுவேன்.

வேதத்துல ஒரு ராஜா கதை இருக்குன்னு சொல்லுவீக. பெரிய பக்திமான், ஆனா ஒரு போர்ச்சேவகனைச் சாகக் குடுத்தாரு, பிறகு அழுதாரு, ஆண்டவர் மன்னிச்சாருன்னு சொல்லுவீக. எனக்கும் தெரியும் ஐயா, எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கேன். அந்தப் போர்ச்சேவகனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பால்லா. அவ பேரை எங்கயும் எழுதல. ராஜா அழுத அழுகையைப் பாட்டாப் பாடுதோம். அவ என்ன ஆனான்னு ஒருத்தரும் கேக்கல.

காப்பி ஆறுது, குடிங்க.

சீலியா? நீங்க கேப்பீகன்னு தெரியும். அவளைப் பத்தி ஊர்ல ஏதாவது சொல்லியிருப்பாங்க. அடக்கத்து அன்னைக்கு வந்து, பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, என் பிள்ளை என் பிள்ளைன்னு கதறினா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எந்த உரிமையில அழுதா? பெத்தவ நான் இருக்கேன், கொன்னவன் பொண்டாட்டி அழுதா. ரெண்டு பேரு அவளைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கையில ஒரு தட்டு வச்சிருந்தா பாருங்க, வில்பிரட் சின்ன வயசுல அவ வீட்டுல சாப்பிடுத தட்டு. அதை எதுக்குக் கொண்டு வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நீங்க பட்டணத்துக் கோயில்ல இருந்தவுக. அங்கெல்லாம் சமாதானம் சொல்லும்போது அவங்கவங்க இருந்த இடத்துல கும்பிட்டு முடிச்சுருவாக. எங்க ஊர்ல இன்னும் கை மாறித்தான் வரும். ஐயரு பீடத்துல இருந்து இறங்கி வந்து பெஞ்சு முனையில இருக்கவங்க கையைத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சு, சமாதானம்னு சொல்லுவாக. அவங்க திரும்பிப் பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுச் சொல்லணும். அப்படியே கடைசி ஆளு வரைக்கும் போகும். பொம்பளைங்க பக்கத்துல எங்க பெஞ்சுல முனையில சீலி, அடுத்து நான். இருபது வருஷத்து இடம், அவளும் மாறல, நானும் மாறல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ கையை நீட்டுவா. நான் கையைக் கட்டிக்கிட்டு நேரா பீடத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேன். நான் வாங்கினாத்தானே அடுத்தவங்களுக்குப் போகும்? எங்க பெஞ்சுல சமாதானம் அங்கயே நின்னு போச்சு. கொஞ்ச நாள்ல மத்த பெஞ்சுக்காரங்களும் அவ முகத்தைப் பாக்கதை விட்டுட்டாங்க. நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. என் கையை நான் கட்டிக்கிட்டேன், அவ்வளவுதான். அதுக்கு எனக்கு உரிமை இல்லையா?

பிறகு அவளுக்கு மார்புல கட்டி வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல போல. ஆளு நாரா உரிஞ்சு போனா, கோயிலுக்கு வாறது நின்னுச்சு. எங்க சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. யாராவது படுத்துட்டா வெள்ளிக்கிழமை சங்கம் அந்த வீட்டுலதான் கூடும். கஞ்சி கொண்டு போவோம், சுத்தி உட்கார்ந்து பாடுவோம், ஜெபிப்போம். எந்த வீட்டுக்குப் போகணும்னு சொல்லுதது காரியதரிசி. காரியதரிசி நான்தான். 'அடுத்த வெள்ளி சீலி வீட்டுக்கா அக்கா?'ன்னு ஒருத்தி கேட்டா. நீங்க போறதுன்னா போங்க, எனக்கு உடம்பு முடியலன்னேன். போகக் கூடாதுன்னா சொன்னேன்? அவங்களா போகல. சங்கம் வழக்கம் போலக் கோயில் ஹால்லயே கூடுச்சு. எனக்கு உடம்பு முடியலன்னு சொன்னதால நான் வீட்டுல இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, சங்கம் கூடுத நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கேக்கு. நம்ம சங்கத்துப் பாட்டுதான். அவ தனியாப் பாடுதா. குரலு ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு, ஆனா ராகம் பிசகல. நான் அடுக்களையில புளி கரைச்சுக்கிட்டு இருந்தேன். முதல் சரணம் பாடி முடிச்சா. ரெண்டாவது சரணம் வந்துச்சு. நின்னுட்டா.

நின்னுட்டா ஐயா. திரும்பவும் முதல்ல இருந்து எடுத்தா. மறுபடியும் அதே இடத்துல நின்னுட்டா. எனக்கு அந்த வார்த்தை தெரியும். நாக்கு நுனியில இருக்கு. ஒத்தைச் சுவரு, இங்க மெதுவாச் சொன்னா அங்க கேக்கும். அவ காத்துக்கிட்டு இருக்கது எனக்குத் தெரியுது. நான் புளியைப் பிழிஞ்சேன். சக்கையை எடுத்துப் போட்டேன். மூணாவது தடவை அவ முதல்ல இருந்து எடுக்கல.

நான் ஏன் எடுத்துக் குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க. என் பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கான். அவளைப் பாத்துக்கிட அவ அண்ணன் பொண்டாட்டி வந்துதான் இருந்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை துக்க மணி அடிச்சுது. அடக்கத்துக்கு நானும் போனேன், போகலன்னு பேரு வரக் கூடாதுல்லா. சிகாமணியைப் போலீஸ்காரங்க கூட்டிக்கிட்டு வந்தாங்க. மண்ணு போட விட்டாங்க, யார்கூடயும் பேச விடல. அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு நாளும் நான் ஜெபத்தை விட்டதில்ல ஐயா. அந்த வெள்ளிக்கிழமை விடியக்காலமும் ஜெபிச்சேன், மறுநாளும் ஜெபிச்சேன். கண்ணீரோடதான் ஜெபிச்சேன்.

இப்ப அவன் வெளியில வந்துட்டான். தலையெல்லாம் பஞ்சா நரைச்சுப் போச்சு, பக்கத்து வீட்டுல தனியாக் கஞ்சி வச்சுக் குடிக்கான். அன்னைக்குக் கூட்டத்துல நான் அந்த வார்த்தையைக் கேட்டதும் என்ன சொன்னான்? நீங்க கேட்டீகல்லா. 'அக்கா, அன்னைக்கும் நம்பினேன். இன்னைக்கு எவ்வளவு நம்புதேனோ அவ்வளவு நம்பினேன். நம்பிக்கிட்டேதான் அடிச்சேன். இல்லன்னு சொல்லி அந்த நாளை வேற ஒருத்தன் தலையில போட எனக்கு மனசில்ல'ன்னான். கமிட்டிக்காரங்க முகம் சுளிச்சாங்க. இவன் ஒரு பொய் சொல்லக் கூடாதா? கொலையே பண்ணினவனுக்கு ஒரு பொய் சொல்ல வரலையா?

அவன் நிஜமா நம்பினவன்னா நான் என்ன செய்ய ஐயா? அந்த ஆஸ்பத்திரி ஜெபம் நிஜம், காலை ஜெபம் நிஜம், அடிச்ச கையும் நிஜம்னா, பிறகு நம்புததுக்கு என்ன அர்த்தம்? அது அவன் கையைப் பிடிச்சு நிறுத்தலையே. நான் விடியக்காலம் எழுந்து முழங்கால்ல நிக்கேனே, அது எதைப் பிடிச்சு நிறுத்தும்? நீங்க படிச்சவுக, வேதசாஸ்திரம் படிச்சுப் பட்டம் வாங்கினவுக. இதுக்கு ஒரு பதில் இருந்தா இப்பச் சொல்லுங்க. இல்லன்னா பரவாயில்ல, காப்பியைக் குடிங்க.

முந்தாநாள் மத்தியானம் அவன் இங்க வந்தான். ஆமா, இங்கதான். உங்ககிட்டச் சொல்லியிருக்கமாட்டான். புறவாசல்ல நின்னான், உள்ள வரல. நான் அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கான், கேக்கட்டும், நாலு வார்த்தை நல்லாக் கேட்டு அனுப்பணும்னு எழுந்தேன். அவன் மன்னிப்புக் கேக்கல. அதைக் கேக்கதுக்கு எனக்கு வாய் இல்லக்கான்னான். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும்னான்.

'கடைசியில சீலிக்கு யாரு பாடினாங்கக்கா?'

என்ன கேள்வி பாருங்க. ஜெயில்ல இத்தனை வருஷமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தானாம். அவளுக்குப் பாட்டுன்னா உசிரு, படுத்த நேரத்துல சங்கத்துல வந்து பாடியிருப்பாங்கல்லா, என்ன பாட்டு பாடினாங்கன்னு கேக்கான். எனக்குக் கையில முறம் அப்படியே நிக்குது.

நாங்கதான் பாடினோம்னு சொன்னேன்.

பின்ன என்ன சொல்ல? பாவம், வயசான காலத்துல மனசு ஆறட்டும்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? 'நீ எடுத்துக் குடுத்தியாக்கா?'ன்னான். ஆமான்னேன். 'ரெண்டாவது சரணத்துல நின்னுருப்பாளே'ன்னு சொல்லிச் சிரிச்சான். நின்னா, நான் எடுத்துக் குடுத்தேன்னேன். அவன் ஒரு எட்டு உள்ள வந்தான். முறத்தை வாங்கிக் கீழ வச்சான். என் கையைத் தன் ரெண்டு கைக்குள்ளயும் வச்சு, கோயில்ல குடுக்குத மாதிரி, சமாதானம்க்கான்னான். எங்க ஊர்ல ஐயரைத் தவிர வேற ஆம்பளை பொம்பளைக்குக் கை குடுக்குத வழக்கமே கிடையாது. அவன் கண்ணுல இருந்து என் கையில தண்ணி விழுது. 'உன் பிள்ளையை எடுத்தவன் வீட்டுல வந்து பாடியிருக்கியேக்கா. உன் கையில இருக்கது மாதிரி ஒரு விசுவாசம் என் கையில இல்லாமப் போச்சே'ன்னான். சொல்லிட்டுப் போயிட்டான்.

பாத்தீகளா ஐயா? நான் சபைக்கு முன்னால கேட்டேன், சொல்லமாட்டேன்னான். புறவாசல்ல வந்து தானாச் சொல்லிட்டான். எனக்குச் சந்தோஷமா இருக்கணும்ல? இல்ல. நான் அங்கயே உட்கார்ந்துட்டேன். புடைச்ச அரிசியைக் கோழி தின்னுட்டுப் போகுது, விரட்டக் கை வரல.

அன்னைக்குச் சாயங்காலம் தனியா உட்கார்ந்து பாடிப் பாப்போம்னு எடுத்தேன். குரல் வரல. நேத்துப் போயிக் காட்டினேன், தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. காப்பி இறங்குது, சோறு இறங்குது, பேச்சு வருது, உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசுதேனே. பாட்டு மட்டும் வரல. முதல் சரணம் எப்படியோ இழுத்துப் பிடிச்சுப் பாடுதேன். ரெண்டாவது சரணம் வந்ததும் வார்த்தை மறந்து போகுது. சின்ன வயசுல இருந்து பாடின பாட்டு ஐயா.

சரி. கமிட்டிக்காரங்ககிட்டப் போயிச் சொல்லுங்க, அன்னபாக்கியம் சரின்னு சொல்லிட்டான்னு. அவன் வரட்டும், முழங்கால்ல நிக்கட்டும், வாங்கட்டும். அந்த வார்த்தையெல்லாம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான்தான் இந்த ஞாயித்துக்கிழமை வரல. யாராவது கேட்டா அவளுக்குத் தொண்டை சரியில்லன்னு சொல்லிருங்க. என் பெஞ்சுல முனையில இடம் காலியாத்தான் கிடக்கு, அதுல யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

எழுந்துட்டீக. ஜெபம் பண்ணாமப் போகக் கூடாது, குருவானவரு வந்த வீடு. அதுக்கு முந்தி ஒரு பாட்டு பாடணும், அதுதான் எங்க வழக்கம். அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே கிடக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கான், கேட்டாலும் கேக்கட்டும். நீங்க ஆரம்பிங்க, கூட நானும் பாடுதேன். ரெண்டாவது சரணத்துல நான் நின்னுட்டேன்னா, கொஞ்சம் எடுத்துக் குடுங்க ஐயா.